சாக்சன் மன்னர்கள், ஆங்கில் நாடு

10ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஒரே அரசாக இணைத்தவர்கள் வெசெக்ஸ் மன்னர்கள். வெசெக்ஸ் என்றால் மேற்குச் சாக்சன், ஆண்டவர்கள் சாக்சன்கள். ஆனால் நாட்டுக்கு நிலைத்ததோ ஆங்கில் என்ற இன்னோர் இனத்தின் பெயர். வென்றவன் பெயர்தானே நிலைக்க வேண்டும்? இனப்பெயரைப் பெரும்பாலும் வாளோ தலைக்கணக்கோ முடிவு செய்வதில்லை. யார் யாரை எப்படி அழைத்தார்கள் என்பதே முடிவு செய்கிறது.

'சாக்ஸ்' என்னும் குறுங்கத்தியிலிருந்து சாக்சன் என்ற பெயர் வந்தது என்பது பரவலான கருத்து. ரோமர்கள் அந்தப் பெயரை வடகடல் கொள்ளையருக்கெல்லாம் பொதுவாகச் சூட்டினார்கள். பிரிட்டனின் தென்கிழக்குக் கோட்டை வரிசையைச் 'சாக்சன் கரை' என்றார்கள். தாக்குண்ட பிரிட்டனின் பூர்வகுடிகளான கெல்ட் மக்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இன்றும் வேல்ஸ் மொழியில் ஆங்கிலேயர் 'சைசன்' தான். கடல் கடந்து வந்து பிரிட்டனில் குடியேறிய சாக்சன், ஆங்கில் இனத்தவர்கள் பதிலுக்கு மண்ணின் மக்களை 'வேல்' என்றார்கள். அந்நியர் என்று பொருள். வேல்ஸ் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். வந்தவர் வீட்டுக்காரரானார், வீட்டுக்காரர் அந்நியரானார்!

ஆங்கில்கள் இன்றைய வட ஜெர்மனியின் ஆங்கெல்ன் பகுதியிலிருந்து வந்தவர்கள். தூண்டில் முள்போல் வளைந்த நிலம் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். 601இல் போப் கிரிகோரி, ஜூட் இனத்தவரின் கென்ட் நாட்டு மன்னர் ஏதெல்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவரை 'ஆங்கில்களின் அரசர்' என்றே விளித்தார். 731இல் பீட் என்ற துறவி ஆங்கில், சாக்சன், ஜூட் என மூன்று இனங்களைப் பிரித்துக் காட்டினாலும், தம் நூலுக்கு 'ஆங்கில் மக்களின் திருச்சபை வரலாறு' என்றே தலைப்பிட்டார். திருச்சபையின் ஏடுகளில் எல்லோருக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டது.

ஆங்கில்களின் நார்தம்பிரியாவும் மெர்சியாவும் பரந்த அரசுகள், அந்தப் பலத்தால்தான் பெயர் பரவியது என்று வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த அரசுகளுக்கு அடங்காத 9ஆம் நூற்றாண்டு சாக்சன் மன்னர் ஆல்ஃபிரட், தம் மொழியைச் சாக்சன் என்று சொல்லாமல் 'எங்லிஷ்' என்றே எழுதினார். வேற்றினப் பெயரை அவர்மீது எந்தப் படையும் திணிக்கவில்லை. அது ஏற்கெனவே பொதுப்பெயராகியிருந்தது. 'ஆங்கிலம்' என்று நாம் சொல்லும்போதும் ஒலிப்பது, அரசை இணைத்த சாக்சன்களின் பெயரல்ல. ஆங்கெல்ன் என்ற அந்தச் சிறு நிலத்தின் பெயர்தான்.