படகு போனால் போகட்டும், காகிதத்தை விடாதீர்கள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், அந்தமானுக்குப் போய் நொந்து திரும்பிய குடும்பங்கள் என்னைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. நான் நுகர்வோர் மனு எழுத உதவுவதாக யாரோ சொல்லக் கேட்டு வருகிறார்கள். கதை பெரும்பாலும் ஒன்றுதான். போர்ட் பிளேரில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது, அல்லது அக்காவை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு ஹேவ்லாக் தீவுக்குப் படகில் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று திட்டம். மதுரையில் ஏறிய ரயில் தாமதம், இல்லையென்றால் சென்னையில் விமானம் தாமதம். படகு போய்விட்டது, அறைக்குக் கட்டிய பணமும் போய்விட்டது. கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டால் செல்போனைத் திறந்து கடற்கரைப் படங்களைக் காட்டுகிறார்கள். டிக்கெட்? “எல்லாம் ஏஜெண்ட் பார்த்துக்கிட்டார் சார்.”

வழக்கில் பாதி அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது.

ரயில், விமானம், படகு மூன்றும் மூன்று தனித்தனி ஒப்பந்தங்கள். ரயில் தாமதமானதற்கு விமான நிறுவனம் பொறுப்பேற்காது. விமானம் தாமதமானால் படகுக்காரர் காத்திருக்க மாட்டார். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள், நீங்கள் நடுவில் பெட்டியோடு நிற்பீர்கள். இதை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016இல் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு குடும்பம் ஜம்முவுக்கு ரயிலில் போனது. ரயில் நான்கு மணி நேரம் தாமதம். ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் விமானத்தை விட்டார்கள். டாக்சிக்கு 15,000 ரூபாய் கொடுத்தார்கள். தால் ஏரியில் படகுக்குக் கட்டியிருந்த 10,000 ரூபாயும் வீண். தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ரயில்வே தன் கட்டண விதிகளைக் காட்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. தாமதம் தன் கையை மீறிய காரணத்தால் நேர்ந்தது என்பதை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாக்சிப் பணமும் படகுப் பணமும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தன. அப்படிக் கேட்டு வாங்க ரசீது கையில் இருக்க வேண்டும்.

முதலில் ரயில். நீங்கள் ஏறும் நிலையத்துக்கே வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருகிறது, நீங்கள் பயணத்தைக் கைவிடுகிறீர்கள் என்றால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஆன்லைன் டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் பதிவு) பதிவதை அந்த வண்டி உண்மையில் புறப்படுவதற்கு முன் செய்தாக வேண்டும். வீட்டுக்குப் போய் சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம் என்று விட்டால் பணம் போச்சு. கவுன்ட்டர் டிக்கெட் என்றால் அதற்குள் கவுன்ட்டரில் ஒப்படைக்க வேண்டும். ஏறிய பிறகு வழியில் தாமதமானால், வண்டி எத்தனை மணிக்கு எந்த நிலையம் வந்தது என்று ரயில்வேயின் செயலியே காட்டும். அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாலு நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது.

விமானத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் இருக்கின்றன. சென்னை – போர்ட் பிளேர் பயணம் சுமார் இரண்டே கால் மணி நேரம். இந்தத் தூரத்துக்கு, புறப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளினால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளினால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், தேர்வு உங்களுடையது. 24 மணி நேரத்துக்கு மேல் என்றால் தங்கும் இடமும் அவர்கள் பொறுப்பு. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் அப்படியே. விதிப்படி முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் இந்தப் பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது இழப்பீடு. வானிலை, வேலைநிறுத்தம், அரசு உத்தரவு போன்ற காரணங்களுக்கு இந்த இழப்பீடு கிடையாது. அதனால்தான் கவுன்ட்டரில் இருப்பவர் வாயால் சொல்லும் காரணத்தை நம்பி நகர்ந்துவிடக் கூடாது. தாமதச் சான்று கேட்டு வாங்குங்கள், அதில் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். “தொழில்நுட்பக் காரணம்” என்று முதலில் சொல்லிவிட்டு, வழக்கு என்று வந்ததும் “வானிலை” என்று மாற்றிச் சொல்வதைப் பார்த்துவிட்டேன்.

இப்போது ஏஜெண்ட் விவகாரம். ஏஜெண்ட் விமான டிக்கெட் போடும்போது பயணியின் எண்ணுக்குப் பதில் தன் செல்போன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார். விமானம் ரத்து என்ற செய்தி அவருக்குப் போகிறது, அவர் தூங்குகிறார், நீங்கள் விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளைகளோடு மீனம்பாக்கத்தில் நிற்கிறீர்கள். இழப்பீடு கேட்டால், சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்று விதியைக் காட்டுகிறார்கள். அப்படி ஒரு விதி நிஜமாகவே இருக்கிறது. ஆகவே டிக்கெட் வந்த அன்றே பி.என்.ஆர். எண்ணைப் போட்டு விமான நிறுவனத்தின் இணையதளத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் எண் இல்லையென்றால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். ஏஜெண்ட்டிடம் மொத்தமாக ஒரு தொகையை ஜிபேயில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ரயிலுக்கு எவ்வளவு, விமானத்துக்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு என்று பிரித்து, நிறுவனத்தின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் போட்ட பில் வாங்குங்கள். தனி ஆளின் எண்ணுக்குப் போட்ட பணத்துக்கு எந்த நிறுவனமும் பதில் சொல்லாது.

படகு டிக்கெட்டில் ஹேவ்லாக் என்று இல்லாமலும் இருக்கலாம். சுவராஜ் தீவு என்பது அதன் புதிய பெயர். போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். அங்கே குடியிருக்கும் உறவினர்கள் அன்பு மிகுதியில் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். தீவுவாசிகளுக்கு அரசுப் படகில் சலுகைக் கட்டணம் உண்டு, அதற்கு அட்டை உண்டு. அந்தச் சலுகையில் விருந்தாளிகளுக்கும் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். உங்கள் பெயர் இல்லாத டிக்கெட்டில் நீங்கள் கடலுக்குப் போகிறீர்கள். அந்தப் படகில் நீங்கள் இருந்ததற்கே ஆதாரம் இல்லாமல் போகும்.

பணத்தைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு இருக்கிறது. ஒரு நாள் தாமதமான குடும்பம், மிச்சமிருக்கும் அரை நாளில் இரண்டு தீவுகளைப் பார்த்துவிடத் துடிக்கிறது. “நாளைக்கு விமானம், இதை விட்டால் எப்ப வரப்போறோம்” என்று பெரியவர் சொல்ல, நிரம்பிய படகில் மேலும் எட்டுப் பேர் ஏறுகிறார்கள். 2014 ஜனவரி 26 அன்று ராஸ் தீவுப் பக்கமிருந்து நார்த் பே நோக்கிப் போன ‘அக்வா மரைன்’ சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அனுமதி 25 பேருக்கு. ஏறியிருந்தவர்கள் 40க்கும் மேல். செத்தவர்கள் 20க்கும் மேல், அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா போனவர்கள். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டியதில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில், உறவினர்களாகச் சேர்ந்து போனவர்களின் மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2009இல் தேக்கடியில் 45 பேர் இறந்தபோது, விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணை வைக்கிறார்கள். கொஞ்ச நாள் ஜெட்டியில் கெடுபிடி இருக்கும், தலை எண்ணுவார்கள், பிறகு எண்ணும் ஆளையே காணோம். தலை எண்ணும் அதிகாரி வந்து உங்களைக் காப்பாற்றுவார் என்று நம்பி உட்கார முடியாது. படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தகுதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தலையை நீங்களே எண்ணுங்கள், மடியில் இருக்கும் குழந்தையும் ஒரு தலைதான். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வதால் பயனில்லை. வார் இழுத்துப் பூட்டிப் பாருங்கள், பூட்டு உடைந்திருந்தால் வேறு கேளுங்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவில் மாட்டினால் தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும், சிறிய அளவு இல்லாத படகில் குழந்தையை ஏற்றாதீர்கள். ஏறுமுன் பெயர், வயது எழுதும் பட்டியலில் உங்கள் பெயரை எழுதுகிறார்களா என்று நின்று பாருங்கள். எழுதாத படகில் ஏறாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், பெயர் எழுதாத படகில் ஏறாதீர்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093.

கடல் கொந்தளித்துப் படகை நிறுத்தினால் யாரிடமும் சண்டை போடாதீர்கள். 2016 டிசம்பரில் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வந்தன. நிறுத்தப்பட்ட படகுக்குக் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள், அதோடு விடுங்கள். விமானம் இறங்கும் நாளிலேயே படகு, படகு திரும்பும் நாளிலேயே விமானம் என்று டிக்கெட் போடுவதுதான் முதல் தப்பு. போகும்போது ஒரு ராத்திரி, வரும்போது ஒரு ராத்திரி போர்ட் பிளேரில் தங்குங்கள். சொந்தக்காரர் வீடு அங்கே இருக்கும்போது அதற்குச் செலவுகூட இல்லை.

சரி, நஷ்டம் ஆகிவிட்டது. அடுத்து என்ன? முதலில் விமான நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல். அவர் பெயரும் அவருக்கு மேல் இருக்கும் அதிகாரியின் பெயரும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தாக வேண்டும். கூடவே விமானப் பயணிகளுக்கான அரசின் ‘ஏர்சேவா’ தளத்தில் புகார். படகு, அறை, ஏஜெண்ட் பற்றி என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் தீராவிட்டால் ஒரு அறிவிப்புக் கடிதம்: என்ன நடந்தது, எவ்வளவு நஷ்டம், எத்தனை நாளில் தர வேண்டும். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன சான்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எல்லோரும் கேட்பது: “வழக்குப் போட அந்தமானுக்குப் போகணுமா?” வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். மனுவோடு தேதி வாரியான சம்பவப் பட்டியல், உறுதிமொழிப் பத்திரம், டிக்கெட், தாமதச் சான்று, போர்டிங் பாஸ், டாக்சி ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் எண் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஆதாரமாகக் காட்டுவதென்றால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றையும் இணையுங்கள். இதை விட்டுவிட்டு வந்து எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்ததும் முழிக்கிறார்கள்.

உயிர்ச்சேதம் என்றால் வாரிசுகளும் இதே ஆணையத்தில் மனுச் செய்யலாம். இறப்பை எங்கே நடந்ததோ அங்கேதான் பதிய வேண்டும். சொந்த ஊர் நகராட்சியில் பதிய முடியாது. 21 நாளுக்குள் பதிந்தால் சிக்கல் இல்லை. அங்கே எழுதும்போது பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியலை ஒரு இடத்தில் எழுத்தாகவும் இன்னொரு இடத்தில் அப்பா பெயராகவும் எழுதிவிட்டு, தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு மாதக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள். இறந்தவரின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 2 லட்சம் கிடைக்கும். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள், பிடித்திருந்தால் 30 நாளுக்குள் வங்கியில் எழுதிக் கொடுங்கள். பல வீடுகளில் இந்தப் பிடித்தம் இருப்பதே தெரியாமல் போகிறது.

நுகர்வோர் மனுவுக்குக் கெடு இரண்டு ஆண்டு, நஷ்டம் ஏற்பட்ட நாளிலிருந்து. ஏஜெண்ட் “இந்த மாசம் தர்றேன், அடுத்த மாசம் தர்றேன்” என்று சொல்லச் சொல்ல அந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் வாக்கு கெடுவை நீட்டிக்காது. கெடு தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டும், அதை ஆணையம் ஏற்றால்தான் உண்டு. போன கோடையில் போய் வந்தவர்கள் பையில் கிடக்கும் டிக்கெட்டுகளை இந்த வாரமே எடுத்து அடுக்குங்கள்.