கண் திறந்தும் பேசாதவர்

தலையில் பலத்த அடிபட்டோருள் சிலர், பல வாரம் நினைவற்றுக் கிடந்து, பின்னர் ஒருநாள் கண் விழிப்பதுண்டு. வீட்டார் மகிழ்ந்து அருகே ஓடுவர். ஆனால் விழித்த கண் எவரையும் நோக்காது. தூக்கச் சொன்னால் கை எழாது. உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும், மூச்சு இயங்கும், அவ்வளவே. இத்தகையோர்க்கு உள்ளே பிரக்ஞை இல்லையென்றே வைத்தியர்கள் நெடுங்காலம் கருதி வந்தனர்.

அக்கருத்தைச் சோதிக்கத் துணிந்தவர் ஏட்ரியன் ஓவன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. 1997-ல் கேம்பிரிட்ஜ் நகரில், 26 வயதுள்ள ஒரு பள்ளி ஆசிரியை, மூளையைத் தாக்கிய நோயால் இந்நிலையில் கிடந்தார். ஓவனும், புதுவை ஜிப்மரில் மருத்துவம் பயின்று கேம்பிரிட்ஜில் தீவிர சிகிச்சை நிபுணராய் விளங்கிய டேவிட் மேனனும், பிறரும், மூளையைப் படமெடுக்கும் கருவியுள் அவரைக் கிடத்தி, அவருக்குப் பழகிய முகங்களின் புகைப்படங்களைக் காட்டினர். முகங்களை இனங்காணும் மூளைப் பகுதி, நலமுள்ளவர்க்குப் போலவே தொழிற்பட்டது. அந்த அம்மையார் பின்னர் பேசும் அளவுக்குத் தேறினார். பேச்சற்றுக் கிடந்த நாட்களில் வாய்வழியே குழாய் செலுத்திச் சளியை உறிஞ்சியது எத்துணை அச்சமூட்டியது என்பதையும், அது எதற்கென்று எவரும் தமக்குச் சொல்லவில்லை என்பதையும் அவர் தெரிவித்திருக்கிறார். கேளாதவரென்று கருதியவரிடம் யார்தான் விளக்கம் சொல்வர்!

ஆயினும், முகத்தைக் கண்டதும் மூளை தானாகவே தொழிற்பட்டிருக்கலாமே? மனமறிந்து செய்வதும், உடல் அசைவு வேண்டாததுமான ஒரு செயல் தேவைப்பட்டது. அதற்குக் காந்தப் படமுறையாகிய எம்.ஆர்.ஐ. கைகொடுத்தது. உடலின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். பிராணவாயுவிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவழிக்கிறது. உழைக்கும் பகுதிக்குச் சில வினாடிகளில் புது ரத்தம் மிகுதியாய்ப் பாய்கிறது. பிராணவாயு நிறைந்த ரத்தமும் அதை இழந்த ரத்தமும் காந்தத்தினிடையே வெவ்வேறு விதமாய் நடந்துகொள்வதால், உழைக்கும் பகுதியைப் படத்தில் காணலாம். இந்த உண்மையை ஜப்பானியராகிய ஸெய்ஜி ஒகாவா, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் எலிகளின் மூளையைக் கொண்டு 1990-ல் காட்டினார்.

2005 ஜூலையில் வாகன விபத்துக்குள்ளான 23 வயதுப் பெண் ஒருவர் ஐந்து மாதமாகியும் அசைவின்றிக் கிடந்தார். கருவியுள் அவரைக் கிடத்தி, “டென்னிஸ் ஆடுவதாக மனத்தில் எண்ணுங்கள்” என்றனர். சற்றுப் பொறுத்து, “ஓய்வெடுங்கள்” என்றனர். பின், “உங்கள் வீட்டு அறைதோறும் நடப்பதாக எண்ணுங்கள்” என்றனர். முன்னதற்கு அசைவைத் திட்டமிடும் பகுதியும், பின்னதற்கு இடங்களை நினைவிற்கொள்ளும் பகுதியும் தொழிற்பட்டன. 2006-ல் ‘ஸயன்ஸ்’ இதழில் இது வெளிவந்ததும் ஆட்சேபங்கள் எழுந்தன. டென்னிஸ் என்ற சொல்லே மூளையைத் தூண்டியிருக்கலாம் என்றனர் சிலர். சொல்லால் எழுவது கணத்தில் அடங்கிவிடும். இதுவோ ஓய்வெடுக்கச் சொல்லும்வரை முப்பது வினாடி நீடித்தது என்பது ஓவனின் விடை.

ரெயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு அவர் வாதம் எளிதில் விளங்குகிறது. அடுத்த ஸ்டேஷனிலிருந்து பதில் வராவிட்டால் கம்பி அறுந்ததோ என்றுதான் முதலில் பார்ப்போம். அங்கே ஆளே இல்லையென்று எழுதிவிடமாட்டோம்.

2010-ல் கேம்பிரிட்ஜ் குழுவினரும் பெல்ஜியத்து லியேஜ் நகரத்தாரும் 54 நோயாளிகளைச் சோதித்த முடிவுகள் வெளியாயின. ஐவர் கட்டளைப்படி எண்ணிக் காட்டினர். அவர்களுள் ஓர் இளைஞரிடம், “ஆம் எனில் டென்னிஸ், இல்லை எனில் வீடு” என்ற முறையில் தந்தையின் பெயர் முதலியவற்றைக் கேட்டனர். ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியான விடை வந்தது. ஆறாவதற்கு ஒன்றும் வரவில்லை. 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை, காந்தப் படத்திலோ மின்னலைச் சோதனையிலோ, கட்டளைக்கு இணங்கியது. மற்றவர்களுக்கு உணர்வில்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது. நலமுள்ளோரிலும் சிலருக்கு இச்சோதனையில் ஒன்றும் தெரிவதில்லை.

ஓவன் இதற்குள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறிவிட்டார். அங்கே, பத்தாண்டுக்கு மேலாய் உணர்வற்றவரென்று கருதப்பட்டு வந்த ஒருவரிடம், எந்த வீட்டாரும் கேட்க விரும்பும் கேள்வியை 2012-ல் அவர் கேட்டார்: உமக்கு வலி இருக்கிறதா?

இல்லை என்று விடை வந்தது.