முகவரும் சாவியும்

கேட்ட கேள்விக்கு விடை சொல்வதோடு நிற்காமல், கொடுத்த வேலையைப் படிப்படியாகச் செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியை ‘முகவர்’ என்பர். கோப்புகளைத் திறப்பது, இணையத்தில் தேடுவது, நிரலை இயக்கிப் பார்ப்பது எல்லாம் அதற்குக் கைவந்த வேலைகள். இத்தகைய முகவர்களைச் சில நிறுவனங்கள் தங்கள் கணினிகளிலேயே இயக்கி, கட்டணச் சேவையாக வழங்குகின்றன.

1991இல் வெளிவந்த பைத்தான் நிரல்மொழியை அறிந்தவர் இச்சேவையை எளிதில் பயன்படுத்தலாம். நிறுவனம் தரும் நிரல் தொகுப்பை ‘பிப்’ என்னும் கருவியின் வழி கணினியில் நிறுவ வேண்டும். கோரிக்கையை அனுப்புவதையும் விடையைப் பெறுவதையும் அத்தொகுப்பே கவனித்துக்கொள்ளும்.

ஆனால், இரகசியச் சாவியைக் காப்பது நிரலரின் பொறுப்பு. கோரிக்கை யாருடையது என்பதைச் சேவை அறிவது இந்த நீண்ட எழுத்துத் தொடரால்தான். அதை நிரலுக்குள்ளேயே எழுதி இணையத்தில் பகிர்வது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போன்றது. பிறர் அதைப் பயன்படுத்துவர். கட்டணமோ உரியவர் தலையில் விழும். பிறகு அவ்வரியை அழித்தும் பயனில்லை. ‘கிட்’ போன்ற கருவிகள் நிரலின் பழைய வடிவங்களையும் சேமித்து வைத்திருக்கும். அதனால்தான் அனுபவமுள்ள நிரலர்கள் சாவியை நிரலுக்கு வெளியே, கணினியின் ‘சூழல் மாறி’யில் வைக்கின்றனர். சாவி கசிந்துவிட்டால், அதை உடனே செல்லாததாக்கிப் புதிய சாவி பெற வேண்டும்.