புற்றின் மாற்றமும் மறுசோதனையின் பயனும்

மார்புப் புற்றுநோய் பெயரளவில் ஒன்றாயினும் இயல்பளவிற் பலவாகும். ஒத்த தோற்றமுடைய இரு கட்டிகளுள் ஒன்று ஒரு மருந்துக்கு அடங்க, மற்றையது அதனைப் பொருட்படுத்தாது வளர்தலும் உண்டு. இவ்வேறுபாட்டிற்குரிய காரணங்களுள் தலையாயது புற்றுக்கலங்களில் அமைந்த வாங்கிகளாகும். ஓமோன் முதலிய தூதுப்பொருள்களின் குறிப்பை ஏற்று, வளர்ச்சிக்குரிய கட்டளையைக் கலத்தினுட் செலுத்தும் புரதமே வாங்கி எனப்படும்.

1896ஆம் ஆண்டிற் கிளாஸ்கோ நகரத்துச் சத்திரவைத்தியர் ஜோர்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றியபின் முற்றிய மார்புப் புற்று சுருங்கியமையை வெளியிட்டார். எனினும் அச்சிகிச்சை சிலர்க்கு மாத்திரமே பயன்பட்டமைக்குக் காரணம் அன்று விளங்கவில்லை. 1950களின் இறுதியிற் சிக்காகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்திரஜன் வாங்கியைக் கண்டறிந்த பின்னரே அது தெளிவாயிற்று. அவ்வாங்கியை அடைக்கும் தமொக்சிபென் 1970களில் வழக்கிற்கு வந்தது. ஹெர்-2 என்னும் வாங்கி மிகுந்த புற்றுக்குரிய திரஸ்துசுமாப் 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

ஆதலின் நோய் முதன்முதற் கண்டறியப்படும்போதே ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் ஆகியவற்றுக்குரிய வாங்கிகளும் ஹெர்-2 வாங்கியும் சோதிக்கப்படுகின்றன. ஆண்டுகள் சில கழிந்து நோய் ஈரலிலோ நுரையீரலிலோ என்பிலோ மீளத் தோன்றுமாயின், முன்னைய முடிவு அப்போதும் பொருந்துமா? பொருந்தும் என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. முதற் கட்டியையும் பரவிய புற்றையும் ஒப்பிட்ட ஆய்வுகளோ, ஈஸ்திரஜன் வாங்கி ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடத்தும், புரொஜெஸ்தரோன் வாங்கி மூன்றில் ஒருவரிடத்தும், ஹெர்-2 பத்தில் ஒருவரிடத்தும் மாறக் காணப்படுவதைக் காட்டின. ஓமோன் வாங்கிகளைப் பொறுத்தவரை, இருந்தது இல்லாதொழிதலே பெரும்பான்மை.

இதற்குக் காரணங்கள் பல. ஒரே கட்டியினுள் பலவகைக் கலங்கள் கலந்திருக்கும். மருந்து ஒருவகையை ஒழிக்க, எஞ்சியவை பெருகும். சிகிச்சையின் நெருக்கத்தால் கலங்களின் இயல்பே திரிதலும் உண்டு. சில வேளை மாற்றம் புற்றிலன்றிச் சோதனையிலே இருக்கும். சான்றாக, என்பிலிருந்து எடுத்த துண்டை மென்மையாக்க வன்மையான அமிலத்தில் இட்டால் வாங்கிகள் சிதைந்து, உள்ளதும் இல்லாததுபோலத் தோன்றும்.

ஆகவே, பாதுகாப்பாக எடுக்கக்கூடிய இடத்திலிருந்து இழையத்துண்டு ஒன்றை எடுத்து மீளச் சோதித்தல் நன்று. அது மீண்டது அப்புற்றுத்தானா, வேறு நோயா என்பதையும் உறுதிப்படுத்தும். இத்தகைய சோதனையால் ஏறக்குறைய ஏழில் ஒருவர்க்குச் சிகிச்சை முறை மாறியதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஹெர்-2 சிறிதளவே உள்ள புற்றுக்கும் 2022இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு மருந்து அங்கீகரிக்கப்பட்டமையால், முன்னர் 'இல்லை' என ஒதுக்கப்பட்ட முடிவையும் மீள நோக்க வேண்டியதாயிற்று.

எனினும் மறுசோதனைக்கும் எல்லையுண்டு. எட்டாத இடத்திலுள்ள புற்றைத் துளைத்தல் ஆபத்தாகலாம். மறுசோதனை செய்து சிகிச்சையை மாற்றுவதால் ஆயுள் நீளும் என்பதும் இன்னும் நேரே நிறுவப்படவில்லை. புதிய முடிவு 'இல்லை' என வரினும், நோயின் போக்கு பழைய முடிவுக்கே இணங்குமாயின், பயன்தரத்தக்க மருந்தை அவ்வொரு முடிவால் நோயாளிக்கு மறுத்தல் தகாது. இரு முடிவுகளையும் நோயின் நடையையும் நோயாளியின் விருப்பத்தையும் ஒருங்குவைத்து ஆராய்ந்து துணிதலே வைத்தியர் கடன்.