ஆறு நிமிடத்துக்கு ஒரு பார்சல்

"மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்றாங்கக்கா. குடிச்சுட்டு எங்க போறது?"

எங்கள் தெருவுக்கு மூன்று ஆண்டுகளாகப் பார்சல் கொண்டுவரும் தம்பி என்னிடம் கேட்டது இது. வயது இருபத்தெட்டு. இடது விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடித்த வலி தாங்காமல் பாதி வேலையில் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார். ஸ்கேனில் சிறுநீரகக் கல் தெரிந்தது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீரை அடக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். சரியான அறிவுரை. அதன்படி நடக்க ஒரு கழிப்பறை வேண்டும், போய்வரச் சில நிமிடங்கள் வேண்டும். அவர் வேலையில் இரண்டுக்கும் இடமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், ஏழு மணி நேரம் தூங்குங்கள் என்று நானும் பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். அவர் கேள்விக்குப் பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. பார்சல் சுமப்பவரின் உடம்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் அவர் கூலிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கூலி எப்படிக் கணக்காகிறது

காலை ஏழு மணிக்கு ஹப்பில் இருக்க வேண்டும். இரவு லாரியில் வந்து இறங்கிய குவியலிலிருந்து தன் ரூட்டுக்கான பார்சல்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, தெரு வரிசைப்படி பைக்குள் அடுக்கிக் கிளம்ப ஒன்பதரை ஆகிவிடும். இந்த இரண்டரை மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. வாசலில் ஓ.டி.பி. வாங்கி, போனில் 'டெலிவர்டு' என்று அழுத்தினால்தான் பார்சலுக்குப் பதினான்கு ரூபாய். வீடு பூட்டியிருந்தால் ஒன்றுமில்லை. மாலையில் ஹப்புக்குத் திரும்பி, வசூலான பணத்தைக் கட்டி, ரிட்டர்ன் பார்சல்களை ஒப்படைக்கும் நேரத்துக்கும் ஒன்றுமில்லை. பெட்ரோல், வண்டி சர்வீஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் அவர் செலவு.

ஒரு நாளைக்கு எண்பது பார்சல் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று. வண்டியை நிறுத்துவது, படியேறுவது, கதவு திறக்கக் காத்திருப்பது, சில்லறை எண்ணுவது, அடுத்த வீட்டைத் தேடுவது எல்லாம் அந்த ஆறு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். கிடைப்பது 1,120 ரூபாய். பெட்ரோலுக்கு 250 போனால் மீதி 870. கழிப்பறை தேடிப் பத்து நிமிடம் அலைந்தால் இருபத்துமூன்று ரூபாய் போயிற்று. கட்டணக் கழிப்பறையென்றால் அதற்கு வேறு ஐந்து ரூபாய். தண்ணீர் குடிப்பதற்கும், நிழலில் நிற்பதற்கும், உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் இப்படி ஒவ்வொரு விலை இருக்கிறது. அந்த விலையை அவர் தினமும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் வண்டி ஓட்டுகிறார்.

எல்லா நிறுவனத்திலும் இதே கணக்கு இல்லை. ஒப்பந்தக்காரர் மூலமாகவாவது மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. தருகிற கூரியர்கள் உண்டு. ஆனால் செயலி வழியாக வேலை செய்வோர் கூட்டம் வேகமாகப் பெருகுகிறது. இந்தியாவில் இப்படிப்பட்ட 'கிக்' தொழிலாளர்கள் 2020-21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடியாவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022இல் கணித்தது. உணவு கொண்டுவருபவர், கார் ஓட்டுபவர் என எல்லாரும் இதில் சேர்ந்திருக்கிறார்கள்.

அடக்கிவைக்கும் சிறுநீர்

தண்ணீர் குறையும்போது சிறுநீர் அடர்த்தியாகிறது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் படிகமாகி, நாளடைவில் கல்லாகின்றன. கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் தண்ணீரையே குறைப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மணிக்கணக்கில் தேங்கும் சிறுநீரில் கிருமி பெருகி நீர்க்கடுப்பு வரும். பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை நீளம் குறைவு என்பதால் கிருமி எளிதில் சிறுநீர்ப்பைக்கு ஏறிவிடுகிறது. மாதவிலக்கு நாளில் நாப்கின் மாற்ற இடமில்லாமல் மாலைவரை வண்டி ஓட்டும் பெண்களும் இப்போது இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

உடம்பில் நீர் போதுமா என்று அறிய எளிய வழி நிறம் பார்ப்பது. வைக்கோல் போல வெளிறிய மஞ்சள் என்றால் சரி. நல்லெண்ணெய் நிறத்துக்குப் போனால் தண்ணீர் போதவில்லை. எரிச்சலோடு குளிர்காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு லோடை முடிப்போம் என்று தள்ளிப்போட்டால் கிருமி சிறுநீரகம் வரை போய்விடும்.

பெட்ரோல் பங்கில் கழிப்பறையும் குடிநீரும் இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. பெட்ரோல் போடும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகர், தியாகராய நகர்ப் பகுதிகளில் டெலிவரித் தொழிலாளர்களுக்குக் குளிர்சாதன ஓய்வறைகளைத் திறந்தது. கழிப்பறை, குடிநீர், போனுக்கு சார்ஜ் போடும் வசதி எல்லாம் அங்கே உண்டு. நல்ல தொடக்கம். எங்கள் தம்பியின் ரூட் கொளத்தூரில். அங்கிருந்து அண்ணா நகர் போய்த் திரும்பும் நேரத்தில் ஐந்து பார்சல் கொடுத்துவிடலாம். இந்த ஓய்வறைகள் வார்டுக்கு ஒன்றாவது வேண்டும்.

கத்திரி வெயிலில்

சென்னை வெயிலின் கொடுமை வெப்பத்தில் மட்டும் இல்லை, கடல் காற்றின் ஈரத்திலும் இருக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி நாள்களில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் ஏறி இறங்குபவரின் உடம்பு, உள்ளே உண்டாகும் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் திணறுகிறது.

தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய ஆய்வு, வெப்பத்தில் உழைப்போரில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்ததைக் காட்டியது. பார்சல் வேலை உப்பளம் அல்லதான். ஆனால் வெயில், உழைப்பு, தண்ணீர்ப் பற்றாக்குறை என்ற மூன்றும் இங்கேயும் சேர்கின்றன.

வெயிலில் வேலை செய்யும்போது தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று சிறிது சிறிதாகக் குடிப்பது நல்லது. வியர்வையில் உப்பும் போவதால், இடையில் உப்புப் போட்ட நீர்மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ சேரட்டும். சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட் புழுங்குகிறது என்று கழற்ற வேண்டாம். உள்ளே பருத்தித் துணி கட்டி, நனைந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, கண் இருட்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு நிழலுக்குப் போக வேண்டும். பேச்சு குழறினாலோ, இருக்கும் இடமே புரியாமல் தடுமாறினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்க்கிறதே, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உழைக்கும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை வழிந்துகொண்டேகூட இருக்கலாம். 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி உண்டு. இறப்பதற்கு முன் கிடைக்க வேண்டிய நிழலைப் பற்றி வேலை தருபவரிடம் யாராவது பேச வேண்டும். அமெரிக்காவில் யூ.பி.எஸ். பார்சல் நிறுவனத்தின் பழுப்பு நிற வேன்களில் ஏ.சி. இருக்கவில்லை. டீம்ஸ்டர்ஸ் சங்கம் 2023இல் வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போய்ப் போட்ட ஒப்பந்தத்தில்தான், 2024 முதல் வாங்கும் புதிய வேன்களில் ஏ.சி. என்ற வரி இடம்பெற்றது. கூலி உயர்வு கேட்ட அதே மேசையில் குளிர்ந்த காற்றையும் கேட்டார்கள்.

முதுகும் கட்டைவிரலும்

எல்லாம் சரியாக அமைந்த இடத்தில், இரண்டு கையாலும் உடம்பை ஒட்டித் தூக்கும்போதுகூட ஒருவர் தூக்கும் எடை 23 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. பைக்கின் டேங்க் மேல் ஒரு மூட்டை, முதுகில் ஒரு பை, பின்னால் ஒரு பெட்டி என்று வரும் வண்டியை நினைத்துப் பாருங்கள். பத்துக் கிலோ அரிசியும் உடற்பயிற்சி இரும்பும் இப்போது போனிலேயே வாங்குகிறோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகுப் பையின் எடை இடுப்பு வட்டுகளின் மேல்தான் இடிக்கிறது.

பையை முதுகிலிருந்து இறக்கி வண்டிக்கு மாற்றினாலே பாதி வலி குறையும். முதுகில் போட்டாக வேண்டுமென்றால் இரண்டு பட்டையும் தோளில் இருக்கட்டும், கனமானவை முதுகை ஒட்டி அடியில் இருக்கட்டும். இடுப்பு வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் பரிசோதனை வேண்டும். தொடை இடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் அது அவசரநிலை, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆக்சிலேட்டரைத் திருகியபடியே இருக்கும் வலது கை இரவில் மரத்துப்போகும். நாள் முழுதும் போனைத் தட்டும் கட்டைவிரலின் அடியில் தசைநாண் வீங்கி வலிக்கும். ஆரம்பத்தில் ஓய்வும் பட்டையும் போதும். அந்த ஓய்வுதான் கிடைப்பதில்லை.

கொரியாவில் நடந்தது

தென் கொரியாவில் 2020இல், கொரோனாவால் எல்லாரும் வீட்டிலிருந்தே பொருள் வாங்கத் தொடங்கியபோது, பத்துக்கும் மேற்பட்ட பார்சல் தொழிலாளர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதிக உழைப்பால் வரும் சாவுக்குக் கொரிய மொழியில் 'குவாரோசா' என்று தனிச் சொல்லே உண்டு. ஏன் செத்தார்கள் என்று தேடிப்போன சங்கத்தார் சுட்டிக்காட்டியது, விடியற்காலையில் நடக்கும் பார்சல் பிரிக்கும் வேலையை. அங்கேயும் கூலி பார்சல் கணக்குத்தான். பிரிக்கும் மணி நேரங்களுக்குக் கூலி இல்லை. அந்த இழப்பை ஈடுகட்ட இரவுவரை ஓடினார்கள்.

போராட்டங்களுக்குப் பிறகு 2021இல் நிறுவனங்கள், அரசு, சங்கம் மூன்றும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, வேலை நேரம் வாரத்துக்கு 60 மணியைத் தாண்டக் கூடாது என்றது அது. ஒழுங்காக நடைமுறைக்கு வரவில்லை என்று மறுபடியும் வேலைநிறுத்தம் நடந்தது வேறு கதை. ஆனாலும் நோயின் வேர் எங்கே என்பதை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்தார்கள் என்பது என் எண்ணம்.

அறுபது மணி நேரமே அதிகம். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்டன. எங்கள் தம்பி ஏழு மணிக்குப் போய் இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறார். வாரத்தில் ஆறு நாள். கூட்டிப் பார்த்தால் 72 வருகிறது. ஹப்பில் கழியும் அந்தக் காலை இரண்டரை மணி நேரத்துக்குக் கூலி வந்தால் அவர் பதினைந்து, இருபது பார்சல் குறைத்துக்கொள்ள முடியும். நான் கேட்ட எந்த மருத்துவ ஆலோசனையைவிடவும் அது அவர் சிறுநீரகத்துக்கும் முதுகுக்கும் நல்லது.

விழுந்தால் யார் பார்ப்பார்கள்

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஊழியர் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், நோயில் படுத்த நாள்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். பார்சல் கணக்கில் ஓடுபவரை நிறுவனம் ஊழியர் என்று சொல்வதில்லை, 'பார்ட்னர்' என்கிறது. கால் உடைந்து படுத்தால் பார்ட்னருக்கு அன்றைய வருமானம் சுழி. அதனால்தான் மாவுக்கட்டு பிரிப்பதற்கு முன்பே வண்டியை எடுக்கிறார்கள்.

விபத்து நடந்தால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தமிழகத்தில் 2023 டிசம்பரில் தனி நலவாரியம் அமைந்தது. மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதியலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை இவர்களுக்கான நிதியில் செலுத்த வேண்டும் என்கிறது. பெயர் பதியாதவருக்கு இந்த வாரியமும் நிதியும் எட்டாது. எங்கள் தம்பி இன்னும் பதியவில்லை. போய் நிற்க அரை நாள் ஆகும் என்று பயந்திருக்கிறார்.

நம் வீட்டு வாசலில்

டெலிவரி ஆட்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கும் அடுக்ககங்கள் இந்த நகரத்தில் இருக்கின்றன. அதைக் கிழித்தெறியச் சொல்லிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். ஓ.டி.பி.யைக் கையில் வைத்திருங்கள். வாசலில் தண்ணீருக்கு மண்பானையோ கேனோ வைக்கலாம். வீட்டில் இருக்க முடியாத நாளில் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தால் பார்சல் கொண்டுவருபவரின் பதினான்கு ரூபாய் வீணாகாது.

எங்கள் குடியிருப்பில் வாட்ச்மேன் அறையை ஒட்டி ஒரு கழிப்பறை இருக்கிறது. பூட்டியே கிடந்தது. போன மாதக் கூட்டத்தில் அதைத் திறந்துவிடலாம் என்றேன். அழுக்காகிவிடும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். சுத்தம் செய்பவருக்கு மாதம் முந்நூறு ரூபாய் கூடுதலாகத் தருவது என்று முடிவானது, வீட்டுக்கு இருபத்தைந்து ரூபாய். சாவி இப்போது வாட்ச்மேன் நாற்காலிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. தம்பி தன் ரூட்டில் ஓடும் இன்னும் நான்கு பேருக்கும் சொல்லியிருக்கிறார்.