சோதனைக் குழாயிலிருந்து வாசற்படி வரை

பெனிடிக்ட் கரைசல் 5 மில்லி. அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு. சோதனைக் குழாயை விளக்கில் காட்டிக் கொதிக்கவிட வேண்டும். நீலம் மாறாமல் இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிப்போய்ச் செங்கல் நிறத்தில் நின்றால் வீடே வாடிவிடும். வடசென்னைக்காரர்கள் சர்க்கரை வியாதியை நிறம் பார்த்து அறிந்த காலம் அது.

1948-இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே அதுதான் முதல் பிரிவு என்பார்கள். 1954-இல் ராயபுரத்தில் அவர் நிறுவிய எம்.வி. மருத்துவமனை பின்னாளில் நீரிழிவு ஆராய்ச்சிக்கே பெயர் பெற்றது. அன்று கிடைத்த இன்சுலின் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது. கண்ணாடி சிரிஞ்சை வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்து, ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொள்வார்கள். இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும், சில நொடிகளில் எண் தெரிந்துவிடும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனையும் தெருமுனை லேபிலேயே கிடைக்கிறது.

கருவிகள் வளர்ந்ததைவிட வேகமாக நோய் வளர்ந்துவிட்டது. 1989-இல் சென்னையில் வயது வந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. 2004 வாக்கில் அது 14.3 சதவீதம் ஆனது. நாடு முழுவதும் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. 'பணக்கார வியாதி' என்று ஒதுங்கியிருந்தது இன்று கூலி வேலை செய்பவர் வீட்டிலும் மாத்திரை டப்பாவாக உட்கார்ந்திருக்கிறது.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஒரு காலத்தில் துறைமுகத்துச் சரக்கு மனிதர் முதுகில் ஏறி இறங்கியது. இன்று கண்டெய்னரைக் கிரேன் தூக்குகிறது. எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களுக்குள் டிரைவர்கள் மணிக்கணக்காக உட்கார்ந்தே இருக்கிறார்கள். பசித்தால் பரோட்டா, தூக்கம் வந்தால் சர்க்கரை போட்ட டீ. மூச்சுவிடும் காற்றுக்கும் இதில் பங்குண்டு. சென்னையிலும் டெல்லியிலும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, காற்றில் நுண்துகள் கூடும்போது ரத்தச் சர்க்கரையும் கூடுகிறது என்று காட்டியது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இது ஏதோ ஊரின் செய்தி அல்ல.

கால் கதை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். விடியுமுன் காசிமேட்டு மீன் ஏலத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு முள் குத்துகிறது. சர்க்கரையால் மரத்துப்போன பாதத்துக்கு வலி தெரிவதில்லை. தெரியும்போது புண் ஆழமாகிவிடுகிறது. தினமும் இரவு பாதத்தை வெளிச்சத்தில் பார்ப்பதும் செருப்பு போடுவதும் காசு கேட்காத வைத்தியம்.

தீர்வுக்கான தேடலிலும் ராயபுரத்துக்குப் பங்கு உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் இங்கிருந்து நடந்த தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவும் மாறியவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மேலைநாட்டவரைவிட ஒல்லியான உடம்பிலேயே நமக்கு நோய் வருவதால், நம் உடம்பில் செய்த சோதனைதான் நமக்குச் சரியான பதில் தரும்.

குணமாக்கும் வழியும் கொஞ்சம் திறந்திருக்கிறது. 2025-இல் வெளியான ஆய்வில், முதல் வகை நீரிழிவு இருந்த 12 பேருக்கு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்களைச் செலுத்தினார்கள். ஓராண்டில் பத்துப் பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து அவர்களுக்கு இன்னும் வேண்டும். எல்லோருக்கும் கிடைக்க நாளாகும். ஆனாலும் இந்த வழியைத் திறந்தது அந்தப் பன்னிரண்டு பேரின் சம்மதம்.

அன்று நோயாளி ஸ்டான்லிக்கு நடந்து போனார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இன்று செவிலியரும் தன்னார்வலரும் வீட்டுக்கே வந்து சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அவர்கள் வந்தால் 'எனக்கொன்றும் இல்லை' என்று கதவைச் சாத்தாதீர்கள். ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்டால் எதற்கு என்று விளக்கம் கேளுங்கள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள், மனம் ஒப்பினால் கையை நீட்டுங்கள். அந்த 531 பேர் கையை நீட்டியதால்தான், தினம் அரை மணி நேரம் நடங்கள் என்று இன்று உங்கள் டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.