பெட்டி இழுத்தற்கேற்ற உழவு யந்திரத்தைத் தெரிதல்

நெல் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் உழவு யந்திரம் உழுவதற்கு மாத்திரம் பயன்படுவதன்று. விதைநெல்லையும் பசளையையும் வயலுக்குக் கொண்டு செல்லுதலும், அறுவடை முடிந்தபின் விளைபொருளை வீட்டிற்கோ சந்தைக்கோ கொண்டு வருதலும் அதன் வேலைகளேயாம். ஆதலால், யந்திரம் ஒன்றை வாங்கக் கருதும் கமக்காரர், அது நன்றாக உழுமோ என்பதோடு, பாரமேற்றிய பெட்டியைத் தம் ஊர் வீதிகளிற் பாதுகாப்பாகக் கொண்டு செல்லுமோ என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

“எத்தனை மூடை இழுக்கும்?” என்பதே வாங்குவோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வியாகும். சமதரையிற் பாரத்தை இழுத்தல் எளிது. இறக்கத்தில் அதனை அடக்கி நிறுத்துதலே அரிது. ஆகவே, “எத்தனை மூடையை இறக்கத்தில் நிறுத்தும்?” என்று கேட்டலே தக்கது.

பரிவலுவும் நிறையும்

எஞ்சினின் பரிவலு மிகுந்திருப்பின் யந்திரம் எதனையும் இழுக்கும் என்று கருதுதல் தவறு. எஞ்சினின் வலு சில்லுகளின் வழியாகவே நிலத்திற் பற்றுகின்றது. அச்சில்லுகளின் மேல் அமரும் நிறை குறைவாயின், வலு எவ்வளவு இருந்தபோதிலும் சில்லு ஓரிடத்திலேயே சுழலும். காய்ந்த கிறவல் வீதியில், இயங்கும் சில்லுகளின் மேலுள்ள நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கே பிடிப்பாகக் கிடைக்கும். மழையில் நனைந்த வீதியில் அது காற்பங்காகவும் குறையலாம்.

ஒரு கணக்கு

சாரதியுடன் 1,900 கிலோகிராம் நிறையுள்ள நான்கு சக்கர யந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பின் சில்லுகளில் ஏறக்குறைய 1,200 கிலோகிராம் அமர்ந்திருக்கும். ஆகவே, காய்ந்த கிறவல் வீதியில் அதற்குள்ள பிடிப்பு 600 கிலோகிராம். பெட்டியின் நிறை 1,000 கிலோகிராம். அதில் 60 கிலோகிராம் வீதம் 50 நெல் மூடைகள், அதாவது 3,000 கிலோகிராம் ஏற்றப்பட்டுள்ளன எனக் கொள்வோம். யந்திரமும் பெட்டியும் சேர்ந்த மொத்த நிறை 5,900 கிலோகிராம்.

கிறவல் வீதியிற் சில்லுகள் உருளுவதற்குரிய தடை மொத்த நிறையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 295 கிலோகிராம் எனக் கொள்ளலாம். சமதரையில் இதனை மாத்திரம் வென்றாற் போதும். யந்திரம் எளிதாக இழுத்துச் செல்லும். ஆனால் 10 மீற்றர் செல்ல 1 மீற்றர் உயரும் ஏற்றத்தில், மொத்த நிறையிற் பத்தில் ஒரு பங்கான 590 கிலோகிராமும் இதனோடு சேரும். வேண்டிய விசை 885 கிலோகிராம். உள்ள பிடிப்போ 600. சில்லு வழுக்கி நிற்கும்.

ஏற்றத்திற் சில்லு வழுக்கினால் வேலை தடைப்படும். இறக்கத்தில் அதே பாரம் உயிருக்கே தீங்காகும். இறங்கும்போது 590 கிலோகிராம் முன்னோக்கித் தள்ள, உருளும் தடை 295 கிலோகிராமைத் தாங்கும். எஞ்சிய 295 கிலோகிராமையும் யந்திரமே தடுத்தல் வேண்டும். பெரும்பாலான யந்திரங்களிற் பிறேக் பின் சில்லுகளில் மாத்திரமே அமைந்துள்ளது. வீதி நனைந்திருப்பின் அச்சில்லுகளின் பிடிப்பு 300 கிலோகிராமாகக் குறைந்துவிடும். அவ்வளவும் வேகம் கூடாமற் காப்பதற்கே செலவாகும். நிறுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வளைவொன்று குறுக்கிடின், பெட்டி யந்திரத்தைப் பக்கவாட்டில் தள்ளிக் குடைசாய்த்துவிடும்.

பெட்டியின் பிறேக்

மேற்கூறிய ஆபத்துக்குச் சிறந்த பரிகாரம் பெட்டியிலும் பிறேக் அமைந்திருத்தலாகும். அவ்வாறாயின் பாரத்தைத் தாங்கும் சில்லுகளே பாரத்தை நிறுத்தவும் உதவும். ஆகவே, சாரதியின் இருக்கையிலிருந்தே பெட்டியின் பிறேக்கை இயக்கத்தக்க யந்திரத்தைத் தெரிதல் நன்று. பெட்டியிற் பிறேக் இல்லையாயின், பெட்டியும் பாரமும் சேர்ந்த நிறை யந்திரத்தின் நிறைக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். வேகம் இருமடங்கானால் நிறுத்துதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது.

இரு சக்கர யந்திரம்

1950களிற் பழக்கத்துக்கு வந்த ‘லான்ட்மாஸ்டர்’ என்னும் பெயராலேயே பிற இரு சக்கர யந்திரங்களையும் இன்றும் பலர் அழைப்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சமதரையில், ஒடுங்கிய ஒழுங்கைகளூடாகச் சிறு பாரங்களைக் கொண்டு செல்ல இது மிகப் பொருத்தமானது. விலையும் எரிபொருட் செலவும் குறைவு. ஆயினும் இதன் நிறை சிறிதாகையால் பிடிப்பும் சிறிதே.

இறக்கத்தில் இதற்கு வேறோர் இயல்பும் உண்டு. சமதரையில் இடக்கைப் பிடியை அமுக்கினால், இடப்பக்கச் சில்லு எஞ்சினிலிருந்து விடுபட, யந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ பெட்டி பின்னின்று தள்ள, எஞ்சின் அதனைத் தடுத்து நிற்கின்றது. அப்போது அதே பிடியை அமுக்கினால், விடுபட்ட இடச்சில்லு விரைந்து உருள, தடுக்கப்பட்ட வலச்சில்லு பின்தங்கும். யந்திரம் எதிர்ப்புறமாகிய வலப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது இதனை அறியாத சாரதி பள்ளத்தில் வீழ்தல் கூடும். ஆதலால் இறக்கத்திற் பிடிகளை அமுக்காது, கைப்பிடித் தண்டையே மெதுவாகத் திருப்புதல் வேண்டும். பதுளை, நுவரெலியா போன்ற மலைப்பாங்கான மாவட்டங்களிற் பாரமேற்றுவோர், நான்கு சில்லுகளும் இயங்கும் யந்திரத்தைத் தெரிதல் மேலானது.

பாரத்தின் இயல்பு

பெட்டி நிரம்பியதைக் கொண்டு நிறையை மதித்தலாகாது. நெல்லால் நிரம்பிய பெட்டியை மணலால் நிரப்பினால் நிறை இரண்டரை மடங்குக்கு மேற்படும். ஈரமும் நிறையைக் கூட்டும். நூற்றுக்கு 14 பங்கு ஈரமுள்ள காய்ந்த நெல் 60 கிலோகிராமாயின், அதே நெல் அறுவடையன்று 22 பங்கு ஈரத்துடன் ஏறக்குறைய 66 கிலோகிராம் இருந்திருக்கும். ஐம்பது மூடைகளில் இவ்வேறுபாடு 300 கிலோகிராமாகும். வைக்கோல் நிறையிற் குறைந்ததாயினும் உயர்ந்து நிற்பதால், சரிந்த வரம்போரத்தில் பெட்டியை எளிதிற் குடைசாய்க்கும்.

பாரமான மூடைகளை அடியில் அடுக்குதல் வேண்டும். இரு சில்லுப் பெட்டியிற் பாரத்தின் சிறு பங்கு யந்திரத்தின் மேல் அமரும்படி, அச்சுக்குச் சற்று முன்னே கூடுதலாக ஏற்றுதல் நன்று. பின்புறம் பாரம் மிகுந்தால் யந்திரத்தின் பின் சில்லுகள் மேலெழும்பிப் பிடிப்பை இழக்கும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. தம் ஊர் வழியிலுள்ள மிகக் கடினமான இறக்கத்தையும், மாரிகால வீதியையும் மனத்திற் கொண்டு யந்திரத்தைத் தெரிதல்.

2. யந்திரத்தின் நிறையையும், இழுக்கத்தக்க பாரத்தின் எல்லையையும் அதன் கையேட்டிற் பார்த்தல்.

3. பெட்டியைப் பூட்டும் இழுவைத் தண்டு பின் அச்சிலும் தாழ்வாக இருத்தல். உயரப் பூட்டினால் ஏற்றத்தில் முன் சில்லுகள் மேலெழும்ப, யந்திரம் பின்புறமாகக் கவிழ்ந்து சாரதியை நசுக்கக்கூடும்.

4. பூட்டும் ஆணி கழன்று விழாதபடி அதற்குரிய கொளுவி இருத்தல். காவற் சங்கிலியும் இருத்தல் நன்று.

5. இடம், வலம் என இரு பிறேக் மிதிகள் உண்டாயின், அவற்றை ஒன்றாக இணைக்கும் கொளுவி இருத்தல். வயலில் அவை தனித்தனியே பயன்படினும், வீதியில் இணைத்தே பயன்படுத்தல் வேண்டும்.

6. பெட்டியின் பின்புறத்தில் விளக்கும் ஒளி தெறிக்கும் தகடும் பொருத்துதற்கு வசதியிருத்தல்.

இயலுமாயின், பணம் கொடுக்குமுன் பாரமேற்றிய பெட்டியை அந்த யந்திரத்திற் பூட்டி, ஆளில்லாத சிறு இறக்கமொன்றில் தாழ்ந்த கியரில் மெதுவாக இறக்கி, நடுவில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். வழுக்காது நிற்குமாயின் அப்பாரம் அதற்கு ஏற்றது. வழுக்குமாயின் மூடைகளைக் குறைத்து மீண்டும் பார்த்தல் வேண்டும். பயமின்றி நிறுத்தக்கூடிய மூடைகளின் தொகை எதுவோ, அதுவே அந்த யந்திரம் ஏற்றத்தக்க பாரமெனக் கொள்க. அத்தொகை தம் தேவைக்குப் போதாதாயின், வேறு யந்திரத்தைத் தெரிதலே தக்கது. வாங்கியபின், எரிபொருளை மீதப்படுத்தக் கருதிக் கியரை விடுத்து இறக்கத்தில் ஓடவிடுதல் ஒருபோதும் ஆகாது. ஒரு தடவையில் ஏற்ற முடியாததை இரு தடவையில் ஏற்றுதலால் உண்டாகும் நட்டம் சிறிது டீசல் மாத்திரமே.